தேவதாஸுக்கு என்ன வியாதி?

தாடியை வளர விட்டு, தோளில் சால்வையைச் சுற்றிக்கொண்டு, மோட்டுவளையைப் பார்த்தபடி ஒரு வாலிபன் உட்கார்ந்திருந்தால் நம் வீடுகளில் என்ன சொல்கிறோம்? ‘‘என்னடா, தேவதாஸ் மாதிரி உட்கார்ந்திருக்கே?’’ என்கிறோம். பக்கத்தில் ஒரு நாய்க்குட்டியும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், வீடே சிரிக்கும்.

தேவதாஸ் ஒரு கதாபாத்திரம் என்பதையே மறந்து, அகராதிச் சொல் மாதிரி ஆக்கிவிட்டோம். சரத் சந்திர சட்டோபாத்யாயர் வங்காளியில் எழுதி, 1917-ல் புத்தகமாக வந்த கதை அது. மௌனப் படக் காலத்திலிருந்தே திரும்பத் திரும்பப் படமாகி வருகிறது. 1936-ல் சைகால், 1955-ல் திலீப்குமார், 2002-ல் ஷாருக்கான் என்று இந்தியில் தலைமுறைக்கு ஒரு தேவதாஸ். நமக்கு தேவதாஸ் என்றால் ஒருவர்தான். வேதாந்தம் ராகவய்யா இயக்கி 1953-ல் தெலுங்கிலும் தமிழிலும் வந்த படத்தின் நாகேஸ்வர ராவ். சாவித்திரி பார்வதியாகவும் லலிதா சந்திரமுகியாகவும் நடித்தார்கள். கண்டசாலாவின் குரலில் அந்தப் பாட்டுகளைக் கேட்டு உங்கள் அம்மாவோ பாட்டியோ கண்ணைத் துடைத்துக்கொண்டதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

போதைக் காட்சிகளுக்காக நாகேஸ்வர ராவ் குடிக்கவில்லை. ராத்திரி வயிறு நிறையத் தயிர்ச்சாதம் சாப்பிட்டுவிட்டு, கண் சொருகிய நேரத்தில் நடித்தார் என்று சொல்வார்கள். இரவில் தயிர் வேண்டாம் என்று நாங்கள் தலைபாடாக அடித்துக்கொள்வது எதற்கு என்று இப்போதாவது புரிகிறதா!

அது இருக்கட்டும். இத்தனை வருஷமாக அழுதோம், பாடினோம், கேலி செய்தோம். ‘அந்த மனுஷனுக்கு என்ன வியாதி?’ என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. காதல் தோல்வி என்று ஒரே வார்த்தையில் ஃபைலை மூடிவிட்டோம். காதலில் தோற்றவர்கள் ஊருக்கு நூறு பேர் இருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் ஆறு மாதம் கஷ்டப்பட்டு, பிறகு வேலைக்குப் போய், கல்யாணம் செய்துகொண்டு, ரேஷன் கடை வரிசையில் நிற்கிறார்கள். இந்த ஒருவர் மட்டும் ஏன் ஈரல் கெட்டு, மாட்டு வண்டியில் வந்து, பார்வதியின் வாசலில் செத்தார்?

எங்களிடம் ஒரு நோயாளி வந்தால் நாடி பார்ப்பதற்கு முன்பே, வாசலில் நடந்து வரும் தோரணையிலிருந்து கணக்கெடுக்க ஆரம்பித்துவிடுவோம். அதே மாதிரி தேவதாஸுக்கு ஒரு கேஸ் ஷீட் போட்டுப் பார்ப்போமா?

கேஸ் ஷீட்

நோயாளி ஜமீன்தார் வீட்டு இளைய மகன். சின்ன வயதில் துடுக்கு, அதற்காக அடி உதை, பிறகு ஊரை விட்டுக் கல்கத்தாவுக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பார்வதியோடு மட்டும்தான் ஒட்டுதல். அந்த ஒட்டுதலையும் அவருக்குச் சொல்லத் தெரியாது. கோபம் வந்தால் அவளையே அடிப்பார்.

கதையில் என் கண்ணில் முதலில் படுவது குடி அல்ல. நடுராத்திரி பார்வதி தன் மானத்தைப் பணயம் வைத்து அவர் அறைக்கு வந்து நிற்கிறாளே, அந்த இடம்தான். அந்தப் பெண் முடிவெடுத்துவிட்டாள். இவரால் முடியவில்லை. அப்பாவிடம் கேட்டுப் பார்க்கிறார், அப்பா ‘முடியாது’ என்கிறார், மறுபேச்சில்லாமல் கல்கத்தாவுக்குக் கிளம்பிவிடுகிறார். அங்கே போய், ‘உன்மேல் எனக்கு அப்படி ஒன்றும் ஆசை இருந்ததில்லை’ என்கிற தினுசில் ஒரு கடிதம் போடுகிறார். போட்டபின் தவிக்கிறார். ஓடி வருகிறார். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. அப்போதும் அழத் தெரியாமல், தூண்டில் கம்பால் அவள் நெற்றியில் அடித்துத் தழும்பு உண்டாக்குகிறார்.

இதில் ஒரு வரிசை தெரிகிறது, பாருங்கள். கஷ்டம் வருகிறது, அதை எதிரில் நின்று பார்க்க முடியவில்லை, விலகி ஓடுகிறார், பிறகு தன்மேலேயே கோபம் வருகிறது, அதை யார்மேலாவது காட்டுகிறார். பாட்டில் கையில் வருவதற்கு முன்பே இந்தச் சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. கல்கத்தாவில் நண்பர் ஒருவர் சந்திரமுகியின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனதும், ஓடிப்போவதற்குச் சுலபமான வழி ஒன்று கிடைத்தது. கிளாஸுக்குள்ளே ஓடிப்போனார். அவ்வளவுதான்.

இனி மனச்சோர்வைப் பார்ப்போம். மனநல மருத்துவர்கள் இதற்கு ஒன்பது அடையாளம் வைத்திருக்கிறார்கள். மனம் எப்போதும் கனத்துக் கிடப்பது, முன்பு பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது, தூக்கம் கெடுவது, பசியோ எடையோ மாறுவது, சோர்வு, பதைபதைப்பு அல்லது மந்தம், கவனம் நிற்காதது, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற குற்ற உணர்ச்சி, சாவைப் பற்றிய நினைப்பு. முதல் இரண்டில் ஒன்றாவது சேர்ந்து, மொத்தம் ஐந்து அடையாளங்கள் இரண்டு வாரம் விடாமல் இருந்தால் அது வெறும் துக்கம் அல்ல, நோய் என்று கணக்கு.

தேவதாஸுக்கு எத்தனை? படிப்பு போச்சு. சொத்தில் அக்கறை இல்லை, அண்ணன் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடுகிறார். அப்பா செத்தபோதுகூடக் கல் மாதிரி நிற்கிறார். சாப்பாடு, குளியல் எதிலும் நாட்டமில்லை. ‘பார்வதியின் வாழ்க்கையை நானே கெடுத்தேன்’ என்ற நினைப்பு நெஞ்சில் ஆணி மாதிரி. எல்லாவற்றுக்கும் மேலே, சாவதற்குமுன் உன் வீட்டு வாசலுக்கு ஒருமுறை வருவேன் என்று பார்வதிக்கு வாக்குக் கொடுக்கிறாரே! சினிமாவில் அது காதல் வசனம். என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து ஒரு இளைஞன் அதைச் சொன்னால், அன்றைக்கே அவனைத் தனியாக வீட்டுக்கு அனுப்பமாட்டேன்.

சித்த மருத்துவத்தில் குடிவெறி நோய் என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. மனக்கோளாறுகளைக் கிரிகை நோய்கள் என்று பிரித்துப் படிக்கிறோம். பாளையங்கோட்டைக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்த கணக்குப்படி, மது முதலில் அழலை, அதாவது பித்தத்தைக் கிளப்பும். எரிச்சல், குமட்டல், காமாலை எல்லாம் அந்த வழி. நாளாக ஆக வளியும் கெட்டு, கை நடுக்கம், தூக்கமின்மை, பிதற்றல் வரும். கடைசியில் பெருவயிறு. இன்றைய ஈரல் மருத்துவர் இதையே கொழுப்பு ஈரல், ஈரல் அழற்சி, ஈரல் சுருக்கம் என்று படிப்படியாகச் சொல்வார். தேவதாஸின் கடைசி நாட்களில் வரும் காய்ச்சல், மெலிவு, ஈரல் நோய் எல்லாம் அந்தப் பாதையின் கடைசி மைல் கற்கள்.

சோகத்துக்குக் குடியா, குடிக்குச் சோகமா?

‘‘மனசு சரியில்லைன்னுதான் டாக்டர் குடிக்கிறாரு. அந்தக் கவலை தீர்ந்தா விட்டுடுவாரு.’’

எத்தனை மனைவிமார்கள் சொல்லி இதைக் கேட்டிருப்பேன்! பாதிதான் உண்மை. சாராயம் முதல் அரைமணி நேரம் மூளையின் பிரேக்கைத் தளர்த்துவதால் மனம் லேசான மாதிரி இருக்கும். அதன்பின் அது மூளையை அமுக்குகிற வேலையைத்தான் செய்கிறது. சீக்கிரம் தூக்கம் வரும், ஆனால் விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்புத் தட்டி, நெஞ்சு படபடத்து, உலகத்துக் கவலையெல்லாம் ஒன்றாக வந்து உட்காரும். அதைப் போக்க மறுபடி குடி. இப்படி மாதக்கணக்கில் போனால், தொடக்கத்தில் எந்தக் கவலையும் இல்லாதவனுக்கும் மனச்சோர்வு வந்துவிடும்.

அதனால்தான் விவரம் தெரிந்த மருத்துவர்கள் குடியை நிறுத்தி மூன்று நான்கு வாரம் கழித்து மனநிலையை மறுபடி எடைபோடுவார்கள். நிறையப் பேருக்கு அதற்குள் சோர்வு பெரும்பாலும் கரைந்துவிடும். அது மது உண்டாக்கிய சோகம். கரையாதவர்களுக்குச் சோர்வு தனி நோய், அதற்குத் தனி மருத்துவம் வேண்டும். இதற்காக நான்கு வாரம் சும்மா காத்திருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. சாகும் எண்ணம் இருந்தால் காத்திருப்பு என்ற பேச்சே கிடையாது. தேவதாஸைப் பொறுத்தவரை, என் கணிப்பில் சோர்வு முன்னால் வந்தது, குடி பின்னால் வந்து ஏறிக்கொண்டது. அதன்பின் எது குதிரை, எது வண்டி என்றே தெரியாமல் போய்விட்டது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்தியம் செய்தால்தான் இப்படிப்பட்டவர் பிழைப்பார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் நான்கே கேள்விகள் போதும். ஜான் ஈவிங் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்து, 1984-ல் மருத்துவ இதழில் விளக்கி எழுதியவை. குடியைக் குறைக்கணும் என்று எப்போதாவது தோன்றியதா? குடியைப் பற்றி யாராவது பேசினால் எரிச்சல் வருகிறதா? குடித்ததற்காகக் குற்ற உணர்ச்சி வந்ததா? காலையில் எழுந்ததும் நடுக்கம் தீர, தலைபாரம் தீர ஒரு வாய் குடித்ததுண்டா? இரண்டுக்கு ‘ஆமாம்’ என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். நான்காவது கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால் நாளைக்கே பார்க்க வேண்டும். ‘வாரத்துக்கு ஒரு நாள்தான், அளவோடுதான்’ என்பவர்களுக்கும் ஒரு தகவல்: பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வீடு ஒரு தர்மதாஸ்

இந்தக் கதையில் தேவதாஸைவிட அவரைச் சுற்றி இருப்பவர்களைத்தான் நான் அதிகமாகக் கவனிப்பேன். ஏனென்றால் இந்தப் பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் நீங்கள் பெரும்பாலும் தேவதாஸ் அல்ல, அவருக்குப் பக்கத்தில் நிற்பவர்.

தர்மதாஸ் என்ற பழைய வேலைக்காரர். எஜமானைத் தூக்கிவிடுகிறார், வாந்தியைத் துடைக்கிறார், அழுகிறார், பின்னாலேயே போகிறார். தங்கமான மனசு. ஆனால் நம்மூர் தர்மதாஸ்கள் என்ன செய்கிறார்கள்? ஆபீஸுக்கு போன் செய்து ‘அவருக்கு ஜுரம் சார்’ என்று பொய் சொல்கிறார்கள். டாஸ்மாக் கடன் தொந்தரவு வேண்டாம் என்று தாங்களே அடைக்கிறார்கள். குடித்தவர் விழுவதன் வலி குடித்தவருக்குத் தெரியாதபடி மெத்தை போடுகிறார்கள். பாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் நோய்க்கும் அந்த மெத்தை வசதியாக இருக்கிறது.

வீட்டார் வேறு விதம். அண்ணன் தன் பங்கைப் பார்த்துக்கொண்டு, தம்பிக்குப் பணத்தைக் கொடுத்து ஒதுக்கிவிட்டார். அம்மா காசிக்குப் போய்விட்டார். குடிக்கிறவன் கையில் ரொக்கத்தைக் கொடுத்துக் கல்கத்தாவுக்கு அனுப்புவதைவிட மோசமான காரியம் வேறில்லை.

பார்வதி சத்தியம் வாங்கப் பார்க்கிறாள். ‘இனிமே குடிக்கமாட்டேன்னு சொல்லு.’ நம்மூரில் குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் வாங்குகிறோம், சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் அணைக்கச் சொல்கிறோம். சத்தியம் செய்யும்போது அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் நடுக்கம் எடுத்த உடம்பை சத்தியத்தால் நிறுத்த முடியாது. மீறிய அன்றைக்கு ‘சாமியையே ஏமாத்திட்டோம், இனி நமக்கு என்ன இருக்கு?’ என்ற குற்ற உணர்ச்சி சேர்ந்து, இன்னும் இரண்டு கிளாஸ் உள்ளே போகும்.

சந்திரமுகிதான் என் ஓட்டைப் பெறுகிறாள். நாவலில், கல்கத்தாத் தெருவில் விழுந்து கிடந்தவரைத் தேடிக் கண்டுபிடித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, டாக்டரை வரவழைத்து, பத்தியம் பார்த்து, எழுந்து நடமாட வைக்கிறாள். அவருடைய வாழ்நாளில் ‘இது நோய்’ என்று புரிந்துகொண்டு நடந்த ஒரே ஆள், ஊர் ஒதுக்கி வைத்த அந்தப் பெண்.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும். ‘‘லவ் ஃபெயிலியர் டாக்டர். ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா சரியாயிடுவான்’’ என்று மகனை அழைத்து வரும் அம்மாக்கள் இன்றும் வருகிறார்கள். அம்மா, தயவுசெய்து வேண்டாம். கல்யாணம் மருந்தும் இல்லை, வரப்போகும் மருமகள் நர்ஸும் இல்லை. முதலில் வைத்தியம். மற்றது பிறகு.

பவுடர் பொட்டலம்

‘சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறந்துவிடுவார்’ என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். பல இடங்களில் ‘மூலிகை’, ‘சித்தர் ரகசியம்’ என்ற பெயரிலேயே விற்கிறார்கள். சித்த மருத்துவனாக இருந்துகொண்டு நான் சொல்கிறேன்: வாங்காதீர்கள். அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே தெரியாது. அலோபதியில் டைசல்ஃபிராம் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால், மது உடம்பில் உடையும்போது வரும் நச்சுப் பொருள் வெளியேற முடியாமல் தேங்கிவிடும். முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இதயம் படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கும். உயிரே போகக்கூடும். அதனால் நோயாளியின் சம்மதத்தோடு, ஈரலையும் இதயத்தையும் பரிசோதித்த பிறகே கொடுக்கிறார்கள். இப்படி ஏதாவது ஒன்றைச் சாம்பாரில் கலந்து, அது தெரியாமல் அவர் கடைக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உயிர் தப்பினாலும், அதற்குப் பிறகு உங்கள் கையால் அவர் சாப்பிடுவாரா?

இதே அளவுக்கு ஆபத்தானது ‘இன்னியோட நிறுத்து’ என்று அறையில் பூட்டி வைப்பது. தினமும் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்க ஆரம்பிக்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பிதற்றல், ஜுரம், வியர்வை. ‘பேய் பிடித்துவிட்டது’ என்று மந்திரிக்கக் கூட்டிப்போவதும் நடக்கிறது. இது பேய் அல்ல. மருத்துவம் செய்யாவிட்டால் உயிர் போகும் நிலை. பழக்கம் முற்றியவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, மருத்துவர் கண்பார்வையில்தான் நிறுத்த வேண்டும். வைட்டமின் பி1 ஊசி, நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மருந்து என்று அந்த முதல் வாரத்துக்கு அலோபதியில் ஒழுங்கான முறை இருக்கிறது. அந்த வாரத்தில் என்னிடம் வந்தால் நானே அங்கேதான் அனுப்புவேன். இதில் எனக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

அப்படியானால் எங்கள் வேலை எங்கே ஆரம்பிக்கிறது? உடம்பு நிலைக்கு வந்த பிறகு. வேளாவேளைக்குச் சாப்பாடு, நெல்லிக்காய், கரிசாலை, கீழாநெல்லி, வாரம் ஒருமுறை எண்ணெய்க் குளியல், தூக்கத்துக்கு ஒழுங்கு. இவை தேறி வரும் உடம்புக்குத் துணை. ஆனால் ஒரு கையில் கீழாநெல்லியும் மறு கையில் குவார்ட்டரும் வைத்துக்கொண்டு ‘ஈரலுக்கு நல்லதுதானே டாக்டர்?’ என்று கேட்பவர்களுக்கு என்னிடம் மருந்து கிடையாது. தூக்கத்துக்கு அமுக்கராவைத் தாங்களாகவே வாங்கிச் சாப்பிடுபவர்களும் கவனியுங்கள். அதனால் ஈரல் பாதிக்கப்பட்டதாகச் சமீப வருடங்களில் மருத்துவப் பதிவுகள் வந்திருக்கின்றன. ஏற்கெனவே ஈரல் கெட்டவர் பரிசோதனை செய்யாமல் தொடவேண்டாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: அரிஷ்டம், ஆசவம் என்று வரும் மருந்துகள் புளிக்கவைத்துத் தயாராகிறவை. அவற்றில் தானாகவே உண்டான சாராயம் இருக்கிறது. மற்றவர்களுக்கு மருந்தளவில் குற்றமில்லை. குடியை விட்டவருக்கு அந்த வாசனையே போதும், பழைய வழியை நினைவுபடுத்திவிடும். டைசல்ஃபிராம் சாப்பிடுபவருக்கோ நேரடி ஆபத்து. சில இருமல் மருந்துகளிலும் இதே கதை. எந்த வைத்தியரிடம் போனாலும் ‘நான் குடியை விட்டவன்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

திரைக்குப் பின்னால்

தேவதாஸ் வேடம் போட்ட சைகால் நிஜவாழ்க்கையிலும் மதுவில் சிக்கி, 1947-ல் 42 வயதில் இறந்தார். திலீப்குமார் வரிசையாகச் சோக வேடங்கள் செய்து மனம் பாதிக்கப்பட்டு, மனநல மருத்துவரைப் பார்த்ததை அவரே சொல்லியிருக்கிறார். ‘கொஞ்ச நாளைக்கு இலகுவான வேடங்கள் செய்யுங்கள்’ என்பது மருத்துவரின் யோசனை. அப்போது அவர் ஒப்புக்கொண்ட படங்களில் ஒன்று நம் கோயம்புத்தூர் பட்சிராஜா தயாரித்த ‘ஆசாத்’. எம்.ஜி.ஆர். நடித்த ‘மலைக்கள்ள’னின் இந்தி வடிவம்! அந்தக் காலத்திலேயே கூச்சப்படாமல் மனநல மருத்துவரிடம் போனாரே, அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

சாவித்திரியின் கதை எல்லோருக்கும் தெரியும். குடிகார தேவதாஸுக்காகத் திரையில் அழுது நம்மையும் அழவைத்தவர், பின்னாளில் அதே மதுவில் வீழ்ந்தார். சர்க்கரை நோயும் சேர்ந்தது. 1980-ல் நினைவிழந்து, 19 மாதம் அப்படியே கிடந்து, 1981 டிசம்பர் 26 அன்று காலமானார். அவரைப் பற்றிப் பேசும்போது நாம் ‘ஐயோ பாவம்’ என்கிறோம், அல்லது குரலைத் தாழ்த்திக்கொள்கிறோம். ஆண் குடித்தால் தேவதாஸ், காவியம்! பெண் குடித்தால் மட்டும் கிசுகிசு. இதனாலேயே வீட்டுக்குள் ரகசியமாகக் குடிக்கும் பெண்கள் வைத்தியத்துக்கு வருவதற்குள் ஈரல் முற்றிலும் கெட்டிருக்கும். பெண்ணின் உடம்பில் அதே அளவு மது அதிக சேதம் செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மறுபக்கமும் உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் என்பவர் தன் கணவரைக் குடி நோய்க்குப் பறிகொடுத்தவர். அழுதுகொண்டு உட்காராமல் 1980-ல் டி.டி. ரங்கநாதன் பெயரில் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். டி.டி.கே. மருத்துவமனை என்று சொன்னால் உங்களுக்குத் தெரியும். அங்கே நோயாளிக்கு மட்டுமல்ல, குடும்பத்தாருக்கும் சேர்த்தே சிகிச்சை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களும் நம் ஊர்களில் நடக்கின்றன. கட்டணம் இல்லை, பெயரைக்கூட முழுதாகச் சொல்லவேண்டாம். மனைவி, மக்களுக்கென்று அல்-அனான் என்று தனிக் கூட்டம் இருக்கிறது. கணவர் வரமாட்டேன் என்றால் நீங்கள் மட்டுமாவது போங்கள்.

எப்படிப் பேசுவது என்று கேட்கிறீர்களா? போதையில் இருக்கும்போது பேசாதீர்கள், அது சுவரோடு பேசுவது. மறுநாள் காலை, காபி குடித்தபின், குழந்தைகள் இல்லாத நேரம் பாருங்கள். ‘குடிகாரா’ என்று ஆரம்பிக்காமல், நேற்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ‘‘நேத்து ராத்திரி வண்டியை வாசல்ல போட்டுட்டு படியிலேயே தூங்கிட்டீங்க. எனக்குப் பயமா இருந்தது. டாக்டர்கிட்ட நானும் கூட வரேன்.’’ இவ்வளவுதான். முதல் தடவையே ஒப்புக்கொள்ளமாட்டார். நான்காவது தடவை ஒப்புக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

‘செத்துடலாம்போல இருக்கு’ என்று வாய்விட்டோ, ஜாடையாகவோ சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். நேராகவே கேளுங்கள்: ‘‘சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சீங்களா?’’ கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்று பயப்படுகிறோம். அப்படி ஆவதில்லை. கேட்க ஒருவர் கிடைத்தாரே என்று மனம் இறங்குவதுதான் வழக்கம். பூச்சிமருந்து, மாத்திரைக் குவியல் எல்லாவற்றையும் வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள்.

கடைசியாக அந்த ரயில். இந்திப் படத்தில் தேவதாஸ் குடியை நிறுத்தி, உடம்பு தேற ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பார். பழைய நண்பன் பெட்டியில் ஏறுவான், கையில் பாட்டில். மறுபடி குடிப்பார். முடிந்தது. தியேட்டரில் அதை விதி என்று நினைத்தோம். மருத்துவத்தில் அதற்கு மீள்வீழ்ச்சி என்று பெயர். சர்க்கரை நோயாளிக்கு ஒருநாள் சர்க்கரை ஏறினால் ‘இவன் தேறமாட்டான்’ என்று கைகழுவுகிறோமா? மருந்தைச் சரிபார்க்கிறோம், என்ன சாப்பிட்டார் என்று கேட்கிறோம். அதேபோல, வழுக்கி விழுந்த மறுநாளே மருத்துவரிடம் திரும்பக் கூட்டிப்போங்கள். எந்த நண்பர், எந்தத் தெரு, எந்தக் கிழமை, சம்பள நாளா, கல்யாண வீடா என்று உட்கார்ந்து எழுதுங்கள். அடுத்த ரயிலுக்குத் துணையாக யார் போவது என்று இன்றே முடிவு செய்யுங்கள்.

மனக்கஷ்டத்துக்கு 14416 என்ற எண்ணில் டெலி-மானஸ் சேவை 2022-லிருந்து இயங்குகிறது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. குடி, போதைப் பழக்கத்துக்கு 14446. நோயாளிதான் பேச வேண்டும் என்பதில்லை. வீட்டில் இருக்கும் யார் வேண்டுமானாலும் பேசலாம்.